நம் நெல் வயல் மீது ஒரு பழி!

"தாத்தா, நாம சோறு சாப்பிடறதாலதான் உலகம் சூடாகுதாமே?"

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இப்படிக் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் இதுதான். அவள் பள்ளியில் பட்டிமன்றமாம். 'புவி சூடாவதற்குக் காரணம் மனிதனா, இயற்கையா?' என்பது தலைப்பு. இவள் 'மனிதனே' அணி. ஒத்திகையின்போது எதிரணிப் பையன் எழுந்து, "காரையும் தொழிற்சாலையையும் மட்டும் சொல்றியே, உங்க அப்பா நடற நெல் வயல்லேருந்துகூட மீத்தேன் வாயு வருதாம். அப்ப உங்க அப்பாவும் குற்றவாளியா?" என்று கேட்டுவிட்டான். வகுப்பே சிரித்திருக்கிறது. இவளுக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை.

பிள்ளைகளே, அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறான். 1990-ஆம் ஆண்டில் உலக அளவில் இதே கேள்வியை நம் நாட்டைப் பார்த்துக் கேட்டார்கள். அப்போது நடந்த வாதம் பட்டிமன்றத்தைவிடச் சுவையானது. அதைச் சொல்வதற்கு முன் நாம் ஒரு பேயைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

கொள்ளிவாய்ப் பிசாசு!

நான் சிறுவனாக இருந்தபோது, சதுப்பு நிலத்துப் பக்கம் இரவில் கொள்ளிவாய்ப் பிசாசு வாயைத் திறந்து நெருப்பைக் கக்கும் என்று பாட்டி பயமுறுத்துவார். அந்தப் பக்கம் போகவே மாட்டோம். பிற்பாடு ஆசிரியர் பயிற்சியில் அறிவியல் படித்தபோதுதான் அந்தப் பேயின் பெயர் தெரிந்தது. மீத்தேன்! சேற்றில் அழுகும் இலைதழைகளிலிருந்து வெளிவரும், எரியக்கூடிய வாயு. அது எப்படித் தீப்பற்றுகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே வாதம் உண்டு. ஆனால் சேற்றிலிருந்து வாயு வருவதில் சந்தேகமே இல்லை.

இதை முதலில் பிடித்து ஆராய்ந்தவர் இத்தாலி நாட்டின் அலெஸாண்ட்ரோ வோல்டா. ஆமாம், மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்டாதான். 1776-ஆம் ஆண்டு மாஜியோரே என்ற ஏரிக்கரையில், குச்சியால் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைத் தலைகீழாகப் பிடித்த பாட்டிலில் சேகரித்தார். நீங்களும் தேங்கிய வயல் தண்ணீரில் குச்சியை விட்டுக் கிளறினால் குளுகுளுவென்று குமிழி வருவதைப் பார்க்கலாம். (பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தீக்குச்சி வேண்டாம்!)

நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது கீழே உள்ள மண்ணுக்குக் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில்தான் சிலவகை நுண்ணுயிரிகளுக்குக் கொண்டாட்டம். மண்ணில் கிடக்கும் வைக்கோல், தாள், தழை, எரு எல்லாம் மட்கும்போது அவை மீத்தேனை உண்டாக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாயுவின் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை. நெற்பயிரின் தண்டுக்குள் காற்று போய்வரும் துளைகள் உண்டு. தண்ணீரில் நிற்கும் வேருக்கு மூச்சு கொடுப்பவை அவைதான். அதே வழியாக மீத்தேனும் மேலே ஏறி வெளியே வந்துவிடுகிறது. நீங்கள் இளநீரை உறிஞ்சும் குழல் போல!

ஆக, எதிரணிப் பையன் சொன்னதில் பாதி உண்மை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிப் பிள்ளைகளுக்கு 'மீத்தேன்' என்றால் வேறொன்று ஞாபகத்துக்கு வரும். பூமிக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேனை எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நம் ஊர்களில் பெரிய போராட்டம் நடந்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசினார். அந்தப் பயணத்தின்போதுதான், 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் காலமானார். 2020-இல் டெல்டா, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் போடப்பட்டது. அந்த மீத்தேனும் வயல் மீத்தேனும் ஒரே வாயுதான். ஆனால் அது பல லட்சம் ஆண்டுகளாக ஆழத்தில் அடைபட்டுக் கிடப்பது. வயல் மீத்தேனோ, போன வருஷத்துத் தாள் இந்த வருஷம் மட்கி வருவது. இந்த வித்தியாசம் பின்னால் நமக்கு உதவும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: மனிதனா, இயற்கையா?

பூமியைச் சுற்றியுள்ள காற்று ஒரு போர்வை மாதிரி. அதில் கரியமில வாயு, மீத்தேன், நீராவி போன்றவை வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போர்வையே இல்லாவிட்டால் பூமி உறைந்து போயிருக்கும். போர்வை தடித்துக்கொண்டே போனால்? வியர்க்கும்!

இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தி அல்ல. 1856-இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, வெப்பமானியைச் செருகி வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது; ஆறவும் நேரமாயிற்று. 1896-இல் ஸ்வீடன் நாட்டு அரீனியஸ், நிலக்கரியை எரித்துக்கொண்டே போனால் பூமி சூடாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணினி இல்லாத காலம். பேனாவும் தாளும்தான்!

1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்பவர் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் 10 லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்பு 280 தான் இருந்தது. அது எப்படித் தெரியும் என்கிறீர்களா? தென் துருவப் பனிப்பாளத்தில் பழைய காலத்துக் காற்று சின்னச் சின்னக் குமிழிகளாக அடைபட்டிருக்கிறது. அதை வெட்டி எடுத்துப் பார்த்தால் 8 லட்சம் ஆண்டுக் கணக்கு கிடைக்கிறது. அவ்வளவு காலத்திலும் ஒருமுறைகூட இன்றைய அளவின் அருகில் வந்ததில்லை.

"இருக்கட்டும் சார், அதை மனிதன்தான் விட்டான் என்று எப்படிச் சொல்வது? எரிமலை விட்டிருக்கலாமே?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டும்! எரிமலைகள் ஓராண்டில் விடும் கரியமில வாயு, மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு சாட்சியும் உண்டு. உயிருள்ள செடிகொடிகளில் கார்பன்-14 என்ற ஒருவகைக் கார்பன் கொஞ்சம் இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது முழுக்கத் தேய்ந்து போயிருக்கும். காற்றில் சேர்ந்துள்ள கூடுதல் கார்பனிலும் அந்த முத்திரை இல்லை! பால்காரர் கலந்தது கிணற்றுத் தண்ணீரா, குளத்துத் தண்ணீரா என்று ருசி பார்த்துக் கண்டுபிடிப்பது போலத்தான் இது.

சூரியன்? 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய வெப்பத்தை அளந்து வருகின்றன. அது கூடவில்லை. மேலும், சூரியனால் பூமி சூடானால் காற்று மண்டலத்தின் கீழ் அடுக்கு, மேல் அடுக்கு இரண்டுமே சூடாகவேண்டும். நடப்பது என்ன? கீழே சூடாகிறது, மேலே குளிர்கிறது. போர்வை தடித்தால்தான் இப்படி ஆகும்.

இதற்கென்று ஐ.நா. சபையின் கீழ் 1988-இல் பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு ஒன்று அமைந்தது. அந்தக் குழு அவசரப்படவில்லை. 1990-இல் 'இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது' என்ற மாதிரிதான் எழுதியது. 1995-இல் மனிதனின் கை தெரிகிறது என்றது. 2007-இல் 90 விழுக்காட்டுக்கு மேல் உறுதி, 2013-இல் 95 விழுக்காட்டுக்கு மேல் உறுதி என்றது. 2021-இல்தான், மனிதனால்தான் பூமி சூடாகியிருக்கிறது, இதில் ஐயமே இல்லை என்று எழுதியது. முப்பது வருஷம் விடைத்தாளைத் திருத்தித் திருத்தி மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த நிதானம் மிகவும் பிடித்தது.

ஆகவே 'மனிதனா, இயற்கையா' என்ற பட்டிமன்றம் அறிவியலில் முடிந்துவிட்டது. ஆனால் 'மனிதன்' என்றால் எந்த மனிதன்? அங்கேதான் நம் வயல் வருகிறது.

வாஷிங்டனில் எழுதிய பழி

1990-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலுள்ள உலக வள நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பூமியைச் சூடாக்கும் நாடுகளின் பட்டியல் அது. முதல் ஐந்து இடங்களுக்குள் இந்தியா! அப்போது நம் கிராமங்களில் எத்தனை வீட்டில் மின்விளக்கு? எத்தனை பேரிடம் கார்? பிறகு எப்படி இந்த இடம்? மீத்தேனைச் சேர்த்ததால்! நம் நெல் வயலும் மாட்டுத் தொழுவமும் கணக்கில் ஏறிவிட்டன.

டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தை நடத்திய அனில் அகர்வால், சுனிதா நாராயண் இருவரும் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1991-இல் ஒரு சிறு புத்தகம் எழுதிப் பதிலடி கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன கணக்கு மிக எளிது. நம் ஊர்க் குளத்தை வைத்துச் சொல்கிறேன், பென்சிலை எடுங்கள்.

ஊரில் ஒரு குளம். நாளைக்கு 10 குடம் அழுக்கு நீரை அது தானாகச் சுத்தம் செய்துவிடும். குளக்கரையில் இரண்டு வீடுகள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் ஆட்கள். பெரிய வீட்டார் 16 குடம் அழுக்கு கொட்டுகிறார்கள். சின்ன வீட்டார் 4 குடம். மொத்தம் 20. குளம் சுத்தம் செய்தது போக மீதி 10. இந்த 10 யார் தலையில்?

கொட்டிய விகிதப்படி குளத்தின் உதவியைப் பங்கு போட்டால், பெரிய வீட்டுக்கு 8 குடம் கழியும். சின்ன வீட்டுக்கு 2 கழியும். மீதிக் குற்றம் பெரிய வீட்டுக்கு 8, சின்ன வீட்டுக்கு 2. வாஷிங்டன் கணக்கு இந்த வகைதான்.

அகர்வாலும் சுனிதாவும் கேட்டார்கள்: குளம் பொதுச் சொத்துதானே? ஆளுக்குச் சமமாகப் பங்கு போடுங்கள். வீட்டுக்கு 5 குடம். அப்படிச் செய்தால் சின்ன வீட்டுக் கணக்கில் குற்றமே இல்லை. இன்னும் 1 குடம் பாக்கிகூட இருக்கிறது! பெரிய வீட்டுக்கு 11 குடம். அதிகம் கொட்டியவனுக்கே அதிகச் சலுகை தருவது என்ன நியாயம்?

இங்கே குளம் என்பது கடலும் காடும். அழுக்கு நீர் என்பது நாம் விடும் வாயு. இன்னொன்றும் கேட்டார்கள். பசிக்குச் சோறு விளைவிக்கும்போது வரும் வாயுவும், ஆடம்பரத்துக்குக் கார் ஓட்டும்போது வரும் வாயுவும் ஒன்றா? வாயுவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பது உண்மைதான். மனிதனுக்குத் தெரியவேண்டாமா? மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் காற்றிலிருந்து மறைந்துவிடும். கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் தங்கும். இரண்டையும் ஒரே தராசில் போடுவதே சிக்கலான வேலை.

பெட்டியைக் கவிழ்த்து அளந்தார்கள்

நியாயம் பேசுவது ஒருபுறம். நம் வயலிலிருந்து எவ்வளவுதான் மீத்தேன் வருகிறது? அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை, இந்திய நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் என்று மதிப்பிட்டிருந்தது. நம் வயலில் அளந்து சொன்னதல்ல. வெளிநாட்டு வயல்களில் அளந்ததை வைத்து, நம் நிலப்பரப்பால் பெருக்கியது.

டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானி ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-இல் நம்மவர்களே அளக்கப் புறப்பட்டார்கள். பல மாநில வயல்களில் இறங்கி, கண்ணாடி போன்ற பெட்டியைப் பயிரின் மேல் கவிழ்த்தார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழலில் உறிஞ்சி, ஆய்வகக் கருவியில் கொடுத்து மீத்தேனை அளந்தார்கள். சேற்றில் நின்று, வெயிலில் காய்ந்து செய்த வேலை.

விடை என்ன தெரியுமா? ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். அமெரிக்கா சொன்னதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு!

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம் நாட்டு நெல் வயல்களில் பெரும்பகுதியில் தண்ணீர் எப்போதும் நிற்பதில்லை. மானாவாரி நிலம் நிறைய. மழை பெய்தால் நிறையும், இல்லாவிட்டால் காயும். நம் மண்ணில் மட்கு குறைவு. வைக்கோலை மாட்டுக்கு வைத்துவிடுகிறோம். நுண்ணுயிரிக்குத் தீனி குறைந்தால் வாயுவும் குறையும்தானே! பிறகு 1998-இல் மறுபடி அளந்தபோதும் விடை இதே அளவில்தான் வந்தது.

பேத்தியிடம் இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம மேல குத்தமே இல்ல!" என்று குதித்தாள்.

"உட்கார். 40 லட்சம் டன் என்பது பூஜ்ஜியமா?" என்றேன்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

ஆசிரியன் புத்தி. விடை சரியாக இருந்தாலும் 'வழிமுறை எங்கே?' என்று கேட்காமல் இருக்கமுடியாது. மனிதர்களால் உலகில் வெளியாகும் மீத்தேனில் சுமார் 8 விழுக்காடு நெல் வயல்களால் வருகிறது. கால்நடை, நிலக்கரி, எண்ணெய்க் கிணறு, குப்பைமேடு இவற்றின் பங்கு இதைவிட அதிகம். நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன், ஒரு டன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடாக்கும். 1990-ஐப் போலவும் இன்று இல்லை. மொத்தக் கரியமில வாயுவில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இன்று இந்தியாதான். ஆள் கணக்கில் பார்த்தால் நமக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன், அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். குளத்துக் கணக்கு இன்னும் செல்லும். ஆனால் சின்ன வீடு வளர்ந்துகொண்டிருக்கிறது.

சூடேறினால் முதலில் அடிபடுவதும் நாம்தான். 2021 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், அறுப்புக்கு நின்ற சம்பா கதிர்கள் பெருமழையில் சாய்ந்து வயலிலேயே முளைத்ததை நம் பகுதியில் எல்லாரும் பார்த்தோம். அந்த ஒரு மழைக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், அதனால் கொட்டும் மழை வலுக்கும் என்பது மட்டும் பாடப்புத்தக இயற்பியல்.

வயல் மீத்தேனைக் குறைக்க வழி உண்டா? உண்டு. அதற்கு விஞ்ஞானிகள் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் வைத்த பெயர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்'. தண்ணீரைத் தேக்கியே வைக்காமல், ஒருமுறை பாய்ச்சி, மண் லேசாகக் காய்ந்தபின் மறுபடி பாய்ச்சுவது. காயும்போது மண்ணுக்குள் காற்று போகும். காற்று போனால் மீத்தேன் நுண்ணுயிரிக்கு வேலையில்லை. மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது; தண்ணீரும் மிச்சம். 2010-இல், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டில், தமிழக அரசு 'ராஜராஜன் 1000' என்று பெயரிட்டுப் பரப்பிய ஒற்றை நாற்று நடவிலும் இந்த முறை உண்டு.

எப்போது பாய்ச்சுவது என்று தெரிய ஓர் எளிய கருவி. ஓர் அடி நீள பிளாஸ்டிக் குழாய். அதன் கீழ்ப்பாதியில் நிறையத் துளைகள். துளைப் பாதியை மண்ணுக்குள் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடவேண்டும். மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று குழாய்க்குள் தெரியும். 15 சென்டிமீட்டர் கீழே இறங்கினால் மடையைத் திறக்கலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக்கூடாது, பதர் ஆகிவிடும்.

இதைப் பக்கத்து வயல்காரரிடம் ஆர்வமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஆத்துல தண்ணி எப்ப வருமுன்னே தெரியல. முறை வச்சு விடறாங்க. வந்த தண்ணிய வயல்ல கட்டிவைக்காம காயவிடுன்னா எப்படிங்க வாத்தியாரய்யா? கடைமடைக்காரன் கேட்டா அடிக்க வருவான்!" என்றார்.

அவர் சொல்வதும் சரிதானே! மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்குமா என்று வருஷா வருஷம் செய்தித்தாளைப் பார்க்கிறவர்கள் நாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா வயலைக் காயவிடு என்றால் யாரால் முடியும்? பம்புசெட் வைத்துக் குறுவை போடுகிறவருக்கு இது எளிது. வாய்க்காலை நம்பியவருக்கு, தண்ணீர் சொன்ன நாளில் வரும் என்ற உறுதி முதலில் வேண்டும். வேறொரு சிக்கலும் உண்டு. காயவிட்டுப் பாய்ச்சும்போது யூரியாவை அள்ளிப் போட்டால், நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வெப்ப வாயு கொஞ்சம் கூடும். ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்று! 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் மீத்தேனை 30 விழுக்காடு குறைப்போம் என்று பல நாடுகள் உறுதி எடுத்தபோது இந்தியா சேரவில்லை. சிறு விவசாயிகளின் பிழைப்பு என்ற காரணம் அதில் முக்கியம். அது சரியா, தப்பா? அதற்கே தனியாக ஒரு பட்டிமன்றம் வைக்கலாம்.

இருந்தாலும் பக்கத்து வயல்காரர் பம்புசெட் இருக்கும் ஒரு மாவில் மட்டும் செய்து பார்க்கச் சம்மதித்தார். இந்தக் குறுவைக்குக் குழாயும் புதைத்தாயிற்று.

பட்டிமன்றம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? எதிரணிப் பையன் அதே கேள்வியைக் கேட்டானாம். "ஆமாம், எங்க வயல்லேருந்து மீத்தேன் வருது. எவ்வளவு வருதுன்னு அளந்தீங்களா?" என்று இவள் திருப்பிக் கேட்டு, குளத்துக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறாள். பரிசு மூன்றாவது பேச்சாளருக்குப் போய்விட்டது. அதில் இவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தான். குழாயைப் பார்க்கவேண்டுமாம். இரண்டு பேரும் வரப்பில் ஓடினார்கள். பேத்தி ஒரு குச்சியைக் குழாய்க்குள் விட்டு எடுத்து, ஈரம் பட்ட இடத்தை அடிக்கோலால் அளந்தாள். மண் மட்டத்திலிருந்து 9 சென்டிமீட்டர் கீழே தண்ணீர் இருந்தது.

"இன்னும் ஆறு இருக்கு. இன்னிக்கு மோட்டார் போட வேண்டாம்" என்றான் பையன்.